நாலு வாடகை, ஒரே கவர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. போனில் நீ இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை, அதனால்தான் கடிதம்.

இந்த மாத வாடகை வந்துவிட்டது. மூன்று நாள் தள்ளி எட்டாம் தேதிதான் வந்தது, ஆனால் முழுசாக வந்தது. நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்று அதையே முதலில் எழுதிவிட்டேன். அடுத்தது, உன் தம்பி அங்கே வந்தானா? பெண்டாட்டி, குழந்தை, இரண்டு பையோடு கிளம்பிப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறான். வந்திருந்தால் ஒரு வரி எழுதிப் போடு.

நீ சொல்லிக்கொடுத்த வழி வசதியானதுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். முன்பெல்லாம் ஒன்றாம் தேதி வந்தால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மாடி ஏறணும். லாரி டிரைவர் லோடு ஏற்றப் போயிருப்பார். நர்ஸம்மா டியூட்டி முடிந்து தூங்குவாள், எழுப்பினால் கடிப்பாள். பேக்கரிக்காரருக்குப் பத்து நாளும் நாளைக்குத்தான். நாலாவது போர்ஷன் நம் சின்னவனுடையது. நீதான் சொன்னாய், மோட்டார் சுவிட்ச் உன் ரூமில்தானே இருக்கிறது அம்மா, நாலு வாடகையும் ஐந்தாம் தேதிக்குள் ஒரே கவரில் வந்தால் மோட்டார் ஓடட்டும், ஒன்று குறைந்தாலும் ஒருத்தருக்கும் தண்ணீர் கிடையாது, அவர்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள் என்று. எவ்வளவு கெட்டிக்காரன் நீ! முதல் மாதமே டிரைவர் பேக்கரிக்காரர் வாசலில் போய் நின்று வாங்கிவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் முன்னால் சின்னவன் வேலை செய்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். முதல் மாதம் வாடகைக்குச் சின்ன மருமகளின் வளையல் போனது. இரண்டாவது மாதம் கம்மல். இந்த மாதம் அவன் பங்கை மட்டும் விட்டுவிடலாமா என்று உன்னிடம் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? தம்பி என்று பார்த்தால் நாளைக்கு எல்லாரும் தம்பி ஆகிவிடுவார்கள் என்று சொன்னாய். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் தேதி கவரில் மூன்று பங்குதான் இருந்தது. மோட்டாரை நிறுத்தினேன். மறுநாளே மேல் தொட்டி காய்ந்துபோனது. அப்புறம் கேட்கணுமா! குளிக்க வழியில்லாமல் நர்ஸம்மா மாடிப்படியில் நின்று கத்தினாள். டிரைவர் சின்னவன் கதவை உதைத்தார். ஏழாம் தேதி பேக்கரிக்காரர் உள்ளே போய், சின்ன மருமகளின் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை விற்று, அவன் பங்கைக் கவரில் வைத்து, மீதிச் சில்லறையை அவள் கையிலேயே எண்ணிக் கொடுத்தாராம். அந்த மட்டும் நாணயமான மனுஷன்.

நடுவில் ஒன்று நடந்தது. ஏழாம் தேதி மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல், அனலாகக் கொதிக்கிறது என்று மருமகள் ஒரு சின்னக் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். என் குளியலறைக்குத் தெருக்குழாய் நேராக வருகிறது, உனக்குத் தெரியும். டிரம் நிறையத் தண்ணீர். படியில் நர்ஸம்மாவும் டிரைவர் பெண்டாட்டியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் கொடுத்தால் அப்புறம் யார் என் பேச்சைக் கேட்பார்கள்? கவர் வரட்டும், மோட்டார் போடுகிறேன் என்று சொன்னேன். அவள் காலிக் குடத்தோடு மாடி ஏறிப் போய்விட்டாள். நான் செய்தது தப்பா? நீதானே சொன்னாய், யாருக்கும் கிடையாது என்று.

மறுநாள் சாவி கொடுக்க வந்தான். சண்டை போடுவான், நாலு வார்த்தை கேட்பான் என்று நானும் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவனோ, உன் குளியலறைக் குழாய் சொட்டுகிறது அம்மா, மேலே எங்கள் ரூம் வரைக்கும் கேட்கிறது, வாஷரை மாற்றச் சொல் என்றான். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். எப்போதும் அவன்தான் மாற்றுவான்.

இன்னும் மாற்றவில்லை. அடியில் வாளி வைத்திருக்கிறேன்.

காலி போர்ஷன் பங்கையும் நாங்களா கொடுக்கணும் என்று மூன்று பேரும் வந்து கேட்கிறார்கள். பெரியவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பேக்கரிக்காரருக்குத் தெரிந்தவர் ஒருத்தர் முன்பணத்தோடு தயாராக இருக்கிறாராம். நீ வையலாம், ஆனால் நான் அந்த ரூமை யாருக்கும் திறந்து காட்டவில்லை.

அவனுக்கு உன்னைவிட்டால் போக இடம் கிடையாது. வந்தால் வாசலில் நிற்கவைத்துக் கணக்குக் கேட்காதேடா. ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்காதே. முதலில் குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

உங்கள் இரண்டு பேரையும் பெற்ற
அம்மா