வெளியூரில் படிக்கிறாள்

அக்கா,

பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்ததும் கோந்து வாசனை வந்தது. கிழிந்த முதுகுக்கு நீயே பழுப்புத் தாள் ஒட்டியிருக்கிறாய். உன் நாற்காலியில் இப்போது ஒரு சின்ன வயது டீச்சர். தாரணியை எட்டாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். ஆமாம், நானேதான்.

"முன்னாடி எங்கயாவது படிச்சிருக்காளா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இங்கதான் படிச்சேன் மிஸ். ஒண்ணாங்கிளாஸ். பதினோரு நாள்" என்றாள் தாரணி.

அந்தப் பதினோரு நாளை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அப்போது அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். பிள்ளையை உன்னிடம் விட்டிருந்தேன். அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நாங்கள் முடிவு செய்திருந்தது உனக்குத் தெரியும். தெரிந்தே தினமும் உன் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாய். பதிவேட்டில் பெயரும் எழுதினாய். விஷயம் காதுக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே உன் பள்ளிக்கு வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். தாரணி தட்டோடு வரிசையில் நின்றாள்.

"உன் ஸ்கூல்ல தலை குறையுதுன்னு என் பிள்ளையக் கொண்டாந்து நிறுத்திட்டியா?"

"தலை குறையுதுதான். அதுக்காக இல்லடா. அவ சிரிக்கிறத ஒரு நிமிஷம் நின்னு பாரு."

"பேர அடி. என் கண்ணு முன்னாடி அடி."

சமையல்காரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். நீ ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், நிதானமாகக் கோடு போட்டாய். "போதுமா தம்பி?" என்றாய். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வருவேன் என்று தாரணி நின்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு உன் வாசலை மிதிக்கவில்லை. இந்த மாசியில் வந்தேன். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

என் பக்கத்தையும் சொல்கிறேன். மன்னார்குடியில் நான் ஒன்பதாம் வகுப்பு, நீ பிளஸ் ஒன். போர்டில் போட்ட கணக்கு தப்பு என்று வாத்தியாரிடம் சொன்னேன். தப்புதான். மறுநாள் பிரேயரில், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால், சரளைக்கல்லில் முட்டி போட வைத்தார்கள். உன் வகுப்பு வரிசை என்னைத் தாண்டிப் போனது. நீ தரையைப் பார்த்துக்கொண்டே போனாய். சாயங்காலம் பஸ்ஸில், "நான் என்னடா செய்ய முடியும்?" என்றாய். பிறகு நீயே டீச்சர் ஆனாய். அதுதான் எனக்குச் செரிக்கவே இல்லை.

என் பிள்ளை அந்தக் கல்லில் முட்டி போடக் கூடாது என்று நினைத்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். பத்து வயதில் அல்ஜீப்ரா போட்டாள். போன மாதம் தெருவில் அவள் வயதுப் பெண்கள் சைக்கிளில் நின்று, "ஆத்துக்குப் போறோம், வர்றியா?" என்று கூப்பிட்டார்கள். "நன்றி, எனக்கு வேலை இருக்கிறது" என்று புத்தகத்தில் இருப்பதுபோல் சொன்னாள். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். உள்ளே வந்து, "அப்பா, அவங்ககிட்டல்லாம் எப்படிப் பேசணும்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பாடம் இல்லை. மறுநாள், "நான் ஸ்கூலுக்குப் போறேம்ப்பா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என் வீட்டுக்கு வந்து, ஏன் பிள்ளையை அனுப்பவில்லை என்று கேட்டதில்லை. எம்.எஸ்சி. படித்தவன், சட்டம் பேசுவான் என்று பயப்படுகிறார்கள் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். சேர்க்கப் போன அன்றைக்கு டீச்சர் இன்னொரு நோட்டையும் எடுத்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் வீடு வீடாக எடுக்கிற கணக்கு. எங்கள் தெரு முழுக்க உன் கையெழுத்து.

"இதுல வேற மாதிரி இருக்கே சார்" என்றார்.

தாரணியின் பெயருக்கு நேரே எல்லா வருஷமும் ஒரே வரி: வெளியூரில் படிக்கிறாள்.

வராத பிள்ளைக்கு வருகை போட மாட்டேன் என்று மேலதிகாரியிடமே மல்லுக்கு நின்றவள் நீ. எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாய். எனக்கு நன்றி வரவில்லை அக்கா, கோபம்தான் வந்தது. உண்மையை எழுதியிருந்தால் யாராவது வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். சண்டை போட்டிருப்பேன், தோற்றும் இருப்பேன். அவள் எட்டு வயதிலேயே அந்தப் பெண்களோடு ஆற்றுக்குப் போயிருப்பாள். அன்றுபோலவே தரையைப் பார்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாய்.

இப்படி எழுதிவிட்டு, எழுதியதைத் திரும்பப் படித்தேன். கதவைத் தட்டத்தான் முதலிலேயே நீ ஒருத்தி வந்தாயே. உன் கையாலேயே கோடு போட வைத்தேன்.

விண்ணப்பத்தில் 'பள்ளியிலிருந்து நின்ற காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. "குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடலாம் சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் டீச்சர். 'தந்தை நிறுத்திவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தேன். தாரணி எட்டிப் படித்தாள்.

இன்று அவளுக்கு முதல் நாள். கேட்டுக்கு வெளியே நின்று பிரேயரைப் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் நின்றாள். யாரும் முட்டி போடவில்லை. வரிசை உள்ளே போகும்வரை தலையைக் குனியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள இப்போது யாரும் இல்லை. நாளைக்கும் போய் நிற்பேன்.