ஊசி போடாத முட்டி

அண்ணே,

நேற்று திருச்சுழி பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலில் வலித் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தார். வாடை பட்டதும் நீங்கள்தானோ என்று எட்டிப் பார்த்தேன். போன வருஷம் உங்கள் குழியில் ஒரு பிடி மண் போட்டவன் நான். அன்றைக்கும் அழுகை வரவில்லை, நேற்றும் ஒன்றும் வரவில்லை. ஊர் வந்ததும் இறங்கி நடந்தேன்.

மதுரை, தூத்துக்குடி, கண்ணூர், கோவா, கல்கத்தா என்று எண்பதுகள் முழுக்க, கூப்பிட்ட அணிக்கெல்லாம் போய்க் கால்பந்து ஆடினீர்கள். ஊருக்கு வந்தால் டிரங்குப் பெட்டி நிறைய பனியன்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். "திருச்சுழின்னா எவனுக்கும் தெரியல. அருப்புக்கோட்டைன்னேன், அதுவும் தெரியல. மதுரைக்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்பீர்கள். கடைசியில் முட்டி போய் நொண்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். எங்கள் அணிக்கு மேனேஜர் ஆனீர்கள்.

வற்றிய கண்மாய்தான் நமக்கு மைதானம். கோப்பைப் போட்டி நடந்த அந்த வருஷம் ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருக்க, நாம் மட்டும் பைனல் முடியும்வரை பெய்யக்கூடாது என்று வேண்டினோம். ஆட்டத்துக்கு முந்தைய ஜெபத்தில் அதையும் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொண்டீர்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவனவன் ஆடுகிற பக்கத்து வெடிப்பை அவனவனே மணல் கொட்டி மூட வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். செமி பைனல் அன்று கூடை தூக்கச் சோம்பல்பட்டு, ஒரு வெடிப்பின்மேல் காய்ந்த புல்லைத் தள்ளிவிட்டுப் போனேன். இரண்டாம் பாதியில் என் கால் அதில்தான் இறங்கியது.

பைனலுக்குள் முட்டி வீங்கிவிட்டது. அந்த ஆட்டத்தைப் பார்க்க ஒரு மில்லிலிருந்து ஆபீசர் வந்திருந்தார். நன்றாக ஆடும் தடுப்பாட்டக்காரன் ஒருவனுக்கு வேலை என்று பேச்சு. எனக்கு இருபத்தாறு வயது. மானாவாரி நிலம் மூன்று வருஷமாகக் கைவிட்டிருந்தது. வீட்டில் மூத்தவள் பிறந்திருந்தாள். கம்பவுண்டரை நானே கூட்டி வந்திருந்தேன். ஒரு ஊசி போட்டால் ஆட்டம் முடியும்வரை வலி தெரியாது. அவர் மருந்தை ஏற்றும்போது நீங்கள் வந்து அவர் கையைப் பிடித்தீர்கள்.

"வேணாங்க. இவன் எறங்க மாட்டான்."

"அண்ணே, ஒரே ஒரு ஆட்டம்ணே. வேலைண்ணே."

"எனக்கும் ஒரே ஒரு ஆட்டம்னு சொல்லித்தான் ஊர் ஊரா ஊசி போட்டு எறக்குனாக. எந்த ஊசில முட்டி போச்சுன்னு எனக்கே தெரியாது. உக்காரு."

உட்கார்ந்தேன். எனக்குப் பதில் இறங்கியவன் நன்றாகவே ஆடினான். ஜெயித்தோம். ஆபீசர் அவன் பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார். அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து, கோல் கம்பங்கள் பாதிவரை தண்ணீரில் நின்றன. ஊர் சந்தோஷப்பட்டது.

அதற்குப் பிறகு உங்களோடு நான் பேசவில்லை. வெடிப்பை மூடாதது நான்தான் என்பது தெரியும். தெரிந்தும் பேசவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்து ஒருநாள் காட்டுக்கே வந்தீர்கள். வரப்பில் ஏற முடியாமல் கீழேயே நின்றீர்கள். நான் கொத்தமல்லிக்குக் களை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"முட்டி எப்படிப்பா இருக்கு?"

நான் நிமிரவில்லை. "சரி, வாரேன்" என்று போய்விட்டீர்கள். அடுத்து வந்தது, போன வருஷம், உங்களுக்கு நெஞ்சுவலி, முடிந்துவிட்டது என்ற சேதிதான்.

முட்டி நன்றாக இருக்கிறது, அண்ணே. மூட்டை தூக்குகிறேன். சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் முழந்தாள் போடும்போது, நீங்கள் மட்டும் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நான் முழந்தாள் போடுகிறேன், வலிப்பதில்லை. அப்போது உங்களுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். மன்னித்துவிட்டேன் என்பதா, மன்னித்துவிடுங்கள் என்பதா என்று தெரிவதில்லை. மற்றவர்கள் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் முழந்தாளிலேயே இருந்துவிட்டு எழுந்து வருகிறேன்.