இந்தியாவை அழுத்துங்கள்

செவ்வாய்க்கிழமை இரவு, தலவாக்கலை

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உள்ள கணினிகள் எல்லாம் யாரோ கழித்துத் தந்தவை. பழைய மெசினுக்கென்றே செய்த ஒரு இலேசான இயங்குதளம்தான் அவற்றில் ஓடுகிறது. அடுத்த பதிப்பில் என்ன வேண்டும் என்று அதைச் செய்பவர்கள் இணையத்தில் கேட்டிருந்தார்கள். ஆளாளுக்குப் புது நிறம், புதுப் படம் என்று கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. மொழிப் பட்டியலில் 'தமிழ் - இந்தியா' மட்டும் இருக்கிறது, 'தமிழ் - இலங்கை' என்று ஒரு வரியைச் சேருங்கள் என்றேன்.

இன்று பதில் வந்தது. தமிழ்தான் ஏற்கனவே இருக்கிறதாம். கோரிக்கையை மூடிவிட்டார்களாம். நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

இடைவேளையில் கணக்குப் பாடம் எடுக்கும் சாந்தியிடம் காட்டினேன். அவள் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

"இதுக்குப் போயி ஏன் டீச்சர் கோவப்படுறீங்க? தாத்தாவோட தாத்தா அங்கயிருந்து தோட்டத்துக்கு வந்ததுக்கு, நம்ம பேர்த் சர்டிபிகேட்டுலயே இன்னும் இந்தியத் தமிழர்னுதானே போட்டிருக்கு. அவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க."

"நான் பொறந்தது இந்த ஊரு ஆஸ்பத்திரியில, சாந்தி."

"நானுந்தான்," என்றாள். அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளை ஆறாம் தரப் பிள்ளைகள் முதன்முதலாகத் தங்கள் பெயரைத் தமிழில் அடிக்கப்போகிறார்கள். அதற்கு முதலில் இந்தியாவை அழுத்துங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.