அக்காவின் அலுமாரிப் பூட்டு

அக்கா,

மண்ணெண்ணெய் மணம் இன்னும் என் விரல்களை விட்டுப் போகவில்லை. உன் அலுமாரிப் பூட்டை அதில் ஊறவைத்து, துருவைச் சுரண்டிக்கொண்டு இருந்தேன். கொண்டுவந்து தந்தவர் அத்தான். கல்லடிக் கடற்கரைப் பக்கம் இருந்த உன் பழைய வீட்டு வளவில் மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டுகிறார், மண்வெட்டியில் தட்டுப்பட்டதாம். பழைய பேப்பரில் சுற்றி என் வாசற்படியில் வைத்துவிட்டு, "மச்சாள், இது உங்கட அக்காட பூட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சுனாமி அலை வந்து ஐந்து வருசம் ஆகிறது. மண்ணுக்குள் கிடந்த இரும்பை இந்த மனிதர் எதற்காக என்னிடம் தருகிறார் என்றுதான் என் புத்தி முதலில் ஓடியது.

என் புத்தி உனக்குத் தெரியாததா? சங்கக்கடையில் காலமெல்லாம் சாமான் நிறுத்துக்கொண்டு நின்றவள் நான். எவன் கை எந்தச் சாக்குப் பக்கம் போகிறதென்று கண் தானாகவே பார்க்கும். அத்தான் முதல் தடவை மறியலுக்குப் போய்ச் சிறைக்கம்பி எண்ணியது புளியந்தீவில் களவெடுத்த ஒரு சைக்கிளுக்காக. இரண்டாவது தடவை வாழைச்சேனைத் துறையில் கழற்றிய படகு எஞ்சினுக்காக. கைநிறைய மேசன் வேலை இருந்த மனிதர். குடிக்கவும் இல்லை, சூதாடவும் இல்லை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவார். அப்படிப்பட்டவரை இரண்டு தடவையும் நீ வீட்டுக்குள் எடுத்தாய். சீதனமாக வந்த வீடு உன் பேரில் இருந்தது. போ என்று நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் போயிருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் தடவை அவர் வெளியே வந்த கிழமைதான் நான் புளியந்தீவில் அந்த இரும்புப் பூட்டை வாங்கிக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ ஒரு வயசுதான் மூத்தவள் என்பதால் உன்னிடம் வாய் காட்ட நான் பயந்ததே இல்லை. "மூண்டாந்தரமும் எடுப்பார், பாத்துக்கொண்டிரு. இப்பிடியான ஆக்களக் கடைசி மட்டும் மறியலுக்குள்ள வெச்சிருக்கோணும்" என்றேன். நீ மீன் வெட்டிக்கொண்டே சிரித்தாய்.

"ஆளே ஊட்டுக்க வந்திட்டார். அலுமாரிக்குப் பூட்டு என்னத்துக்குகா? நீ எண்ணுறத எண்ணு, நான் சோறு போடுறதப் போடுறன்."

என் கண்முன்னாலேயே அந்தப் பூட்டை உப்புச் சட்டி மூடிக்குப் பாரமாக வைத்தாய். அதன்பிறகு நான் வந்தபோதெல்லாம் அது அந்த மூடியின்மேல்தான் இருந்தது. எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா? நீ என்னைவிட நல்லவள் என்று காட்டத்தான் அதை அங்கே வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

அலை வந்த அன்று உன் மகள் என் வீட்டில் நின்றாள். அத்தான் வேலைக்காக வாழைச்சேனைக்குப் போயிருந்தார். நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்து, வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் உன்னைத் தேடிக் கண்டெடுத்ததும் அவர்தான். தூக்கிக்கொண்டு வந்தபோது உன் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. செத்தவர்களின் கழுத்தையும் காதையும் தடவிக்கொண்டு திரிந்தவர்கள் இருந்த நாட்கள் அவை. சனம் அவர் கையைப் பார்த்தது. நானும் பார்த்தேன். உன்னைப் பார்த்து அழ வேண்டிய நேரத்தில் அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படித்தான் கிடந்தாள் என்று அவர் சொன்னதை நான் நம்பவும் இல்லை, நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை.

நீ காணாத இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். சண்டை மறுபடி மூண்ட காலத்தில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். வாகனத்துக்குள் ஒரு தலையாட்டி, முகம் மறைய சாக்கு மாட்டியபடி. அவன் தலை ஆடினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு தீப்பெட்டியைக்கூடக் கேட்காமல் தொடாத எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு அந்தத் தலை ஆடியது. ஏன் ஆடியது என்று கேட்க யாராலும் முடியவில்லை. அவன் தாய் இன்றைக்கும் படலையைச் சாத்துவதில்லை. அத்தானுக்குத் தலை ஆடவில்லை. ஆனாலும் மறியலுக்குப் போனவர் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, அவரைத் தனியாக நிறுத்தினார்கள். "யாருட ஆள்?" என்று அதிகாரி உடைந்த தமிழில் கேட்டார். நான் உன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். "எங்கட ஆள்" என்றேன். வீட்டுக்கு வந்து அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். கொடுத்த கையோடு என் அலுமாரியையும் பூட்டினேன்.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. களவு முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு தண்ணீர்ப் பம்பி காணாமல் போக, எல்லார் வாயிலும் முதலில் வந்தது அத்தானின் பெயர். பொலிஸ் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பியது. அதற்குப் பிறகுதான் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். ஒரு இளம் சட்டத்தரணி மகஜர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு தடவை குற்றவாளியாகக் கண்டவரை மூன்றாவது தடவையும் கண்டால் ஆயுள் மறியல் என்று சட்டம் வர வேண்டும் என்றார். "நீதிபதி யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. மூண்டாந்தரமெண்டாத் தன்பாட்டில ஆயுள்."

வேறு எவனிடமோ படகு எஞ்சினைக் களவு கொடுத்த ஒரு பெண் எழும்பினாள். "அந்த எஞ்சினோட என்ட புள்ளைகள்ற படிப்பும் போச்சு. எடுத்தவன் ஆறு மாசத்தில வந்து என்னப் பாத்துச் சிரிக்கான். அவன்ட மனம் திருந்துமட்டும் நான்தான் காவல் இருக்கோணுமோ?" அவள் சொன்னதில் பிழையே இல்லை. உன்னோடு சண்டை பிடித்தபோது நான் சொன்னதும் அதுதானே. எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள். கள்ளனின் மச்சாளே கையெழுத்து வைத்தால் பிறகு யார் மறுக்கப் போகிறார்கள்? அந்தச் சட்டம் வந்தால், அடுத்த பம்பி காணாமல் போகிற அன்றோடு உன் மகள் தகப்பனையும் இழப்பாள். அவர் எடுத்தாரா என்பதுகூட அவ்வளவாகத் தேவைப்படாது.

பேனையை வாங்கினேன். யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல என்ற அந்தச் சொல் என் காதிலேயே நின்றது. யோசிக்காமல் ஆடிய ஒரு தலையை நான் பார்த்திருக்கிறேன். பேனையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப நீங்க அவர நம்புறீங்களா?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"இல்ல தம்பி. ஒரு நாளும் நம்பினதில்ல. அது என்ட சந்தேகம், என்னோடயே இருக்கட்டும். ஓராளக் கூட்டில போட்டு ஆயுளுக்கும் பூட்டுறதெண்டா, ஆராவது இருந்து யோசிக்கத்தான் வேணும்."

கோபத்தோடு வீட்டுக்கு வந்துதான் உன் பூட்டை மண்ணெண்ணெயில் போட்டேன். துருவும் சிப்பியும் உதிர்ந்தபிறகு பார்க்கிறேன், பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. வளையத்துக்குள் அலுமாரிக் கொண்டி பிய்ந்து மாட்டிக்கொண்டு கிடக்கிறது. உப்புச் சட்டி மூடிக்குப் பாரம் வைத்த பூட்டு அக்கா இது. அப்படியென்றால் நீயும் பூட்டித்தான் இருந்திருக்கிறாய். உன் தாலிக்கொடியையும் கழற்றி உள்ளே வைத்திருந்தால், அது அந்த அலுமாரியோடு கடலுக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

அடுத்த நாள் அவர் வழக்கம்போல என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது பூட்டை முன்னால் வைத்தேன். "பூட்டினபடி கிடக்கு, கண்டீங்களா?"

"கண்டுதான் கொண்டு வந்தன், மச்சாள்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீங்க வந்து போனாப் பொறகு எடுத்துப் பூட்டுவா. நீங்க வாற சத்தம் கேட்டாக் கழட்டி மூடியில வெப்பா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"சாவி அரிசிப் பானைக்க கிடக்கும். அதுவும் தெரியும்."

மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார், போட்டேன். எனக்கு உன்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. என்னை ஏமாற்ற அந்த மூடியின்மேல் பூட்டை வைத்து எத்தனை நாள் நடித்திருக்கிறாய். அலுமாரியைப் பூட்டிவிட்டு வாசலைத் திறந்து வைத்திருந்திருக்கிறாய். எனக்கு அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னோடு இவ்வளவு சண்டை பிடித்திருக்க மாட்டேன். அவர் சொன்னதையும் நான் முழுக்க நம்பிவிடவில்லை. எப்படிப் பேசினால் என் மனம் இளகும் என்று அவருக்குத் தெரியும்.

என் அலுமாரிச் சாவியை இவ்வளவு காலமும் இடுப்பில்தான் செருகி வைத்திருந்தேன். இப்போது அது அரிசி வாளிக்குள் கிடக்கிறது. அவருக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரியும். விடியற்காலையில் உலைக்கு அரிசி எடுக்கும்போது, அளக்கிற சுண்டைக் கையில் பிடித்தபடியே என் விரல் அரிசிக்குள் போய்ச் சாவியைத் தேடுகிறது.

இருக்கிறது, அக்கா.