எதிர்க்குன்றத்துச் சான்று

நலம் பெருகுக, மழை பிழையாதொழிக. வெண்குட நாடாளும் மன்னர் மாநிதிக்கோ அடிகளின் அறங்கூறவையத் தலைவர், பாலூர்கிழார் அருளாளப் பேரரையர், செம்பொறை நாட்டு முதலமைச்சர் திருமிகு வில்லவதரையர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் மன்னர்பிரான் நெடிது வாழ்க. தங்கள் ஆற்றில் நீரும் களத்தில் நெல்லும் குறைவின்றி நிறைக. நம் இரு நாட்டாரும் ஒருவருக்கொருவர் வாழ்த்து எழுதி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆகையால் இவ்வாழ்த்து சற்றே தடுமாறி வந்திருப்பின் பொறுத்தருள்க. பழக்கம் விட்டுப்போனதே காரணம், வேறொன்றுமில்லை.

எம் நாட்டில் அரசுப் பணிக்குச் செங்கச்சை கட்டிய எவரும், நரை கண்டு அக்கச்சையை அவிழ்த்துக் கொடுக்கும் நாளில், உயிருள்ள வரை உண்டு உறங்கப் போதிய நன்செய் நிலம் பெறுவர். முதுகாவல் மானியம் என்று அதற்குப் பெயர். அதைப் பெற ஒரு முறையுண்டு: ஒரே காவலில் உடனின்ற தோழர் இருவர் அவைக்கு வந்து, இவர் நின்றதைக் கண்ணாரக் கண்டோம் என்று சூளுரைக்க வேண்டும். யானைப்படையார்க்கு இது எளிது. படகுக் காவலர்க்கும் எளிது. ஒரே படகில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பாராமல் எங்கே போவது? முறையை வகுத்த முன்னோர் பேரறிவுடையோர்தாம். ஆயினும் அவர்களுள் ஒருவர்கூடக் குன்றேறிப் பார்த்ததில்லை போலும்.

ஏறியிருந்தால் நெடுங்கீரன் போன்றாரை நினைத்திருப்பர். காற்றுவாய்க் கணவாயின் கிழக்குப்புறத்துக் குன்று எம்முடையது, மேற்குப்புறத்துக் குன்று தங்களுடையது. தங்கள் படை புறப்பட்டால் தீ மூட்டி அறிவிக்கும் காவலராக, மீசை அரும்பிய பருவத்தில் எம் குன்றில் ஏறியவர் நெடுங்கீரன். மீசை வெளுத்த பின்னரே இறங்கினார். வேடமிட்டு எவரும் ஏறிப் பொய்த்தீ மூட்டிவிடலாகாது என்று, காவலர் ஒருவரையன்றி வேறெவரும் அக்குன்றில் கால் வைத்தல் கூடாதென்பது எம் கட்டளை. ஆகவே ஊரார் அரிசியையும் எண்ணெயையும் அடிவாரத்துப் பாறையருகே வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவர். தம் தாயார் இறந்த செய்தியையும் யாரோ கீழிருந்து கூவிச் சொல்லிவிட்டுப் போனதாகவும், கூவியவர் யாரென்று எட்டிப் பார்ப்பதற்குள் அவர் மறைந்துவிட்டதாகவும் கீரன் அவையில் கூறினார்.

இத்தகையவர் மானியம் வேண்டி வந்து நின்றபோது, உடனின்ற தோழர் எங்கே என்று படைத்தலைவர்கள் கேட்டனர். கச்சை அவிழ்த்த காவலர்க்காக எம் அவையில் வழக்குரைப்பவர் தத்தையார் என்னும் அம்மையார். அவர் வாய்க்கு அவையில் அஞ்சாதார் குறைவு. துணையின்றி ஏற்றிவிட்டது அரசு, துணையைக் கொண்டுவா என்று இன்று கேட்பதும் அதே அரசா என்று அவர் வினவினார். படைத்தலைவர்க்கு முகம் சிறுத்துப்போயிற்று. ஆயினும் முறை முறைதான் என்று சாதித்தனர். எல்லைக் குன்றுகளில் தனியே நின்று மூத்த காவலர் இன்னும் பலர் எம்மிடம் உளர்; இவருக்கு இல்லையென்றால் அவர்களுக்கும் இல்லை.

முடிவில் தத்தையார் கீரனை நோக்கி, இத்தனை காலத்தில் உம்மை ஒருவர்கூடவா காணவில்லை என்று கேட்டார். கீரன் சுவரைப் பார்த்தபடி நின்றார். மனிதர் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. பின்னர், எதிரி கண்டார் என்றார். அவை குலுங்கிச் சிரித்தது.

அவர் விளக்கியது இது. தாம் விழித்திருப்பதைத் தத்தம் நாட்டுக்குக் காட்ட, மாலைதோறும் இரு குன்றிலும் விளக்கேற்ற வேண்டும். எதிர்க்குன்றத்து விளக்கை அவர் முதலில் பகைக் கண்ணோடுதான் பார்த்தாராம். ஆண்டுகள் செல்லச் செல்ல, அது எரியாமல் தம் சோற்றில் கைவைக்க மனம் வரவில்லையாம். ஒருமுறை குளிர்காய்ச்சலில் கிடந்து இவர் விளக்கேற்றத் தாமதித்தபோது, எதிரில் இருந்தவர் தம் விளக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாராம். இவர் தவழ்ந்து போய்த் திரியைக் கொளுத்திய பிறகே ஓய்ந்தாராம். இடையே கூப்பிட்டால் கேளாத பெரும் பள்ளம். இருவரும் ஒரு சொல் பேசியதில்லை.

இதைக் கேட்டதும் படைத்தலைவருள் மூத்தவர் துள்ளியெழுந்து, பகைவனோடு விளக்காட்டி உறவாடியவர்க்கு நிலமன்று, சிறையே தக்கது என்றார். எதிரியின் குன்றைக் கண்கொட்டாமல் பார்க்கத்தானே அவருக்குக் கச்சை கட்டினீர், பார்த்ததே குற்றமாயின் பாராதிருந்தவர்க்கு என்ன பரிசு வைத்திருக்கிறீர் என்று தத்தையார் திருப்பிக் கேட்டார். யாம் நன்கு ஆராய்ந்து, தோழர் சான்றில் பரிவு கலக்கும், பகைநாட்டார் சான்றில் அது கலவாது, ஆதலின் எதிர்க்குன்றத்துக் காவலர் உரைப்பின் அவ்வொரு சான்றே போதும் என்று தீர்ப்பிட்டோம். அறுவடைக்குள் அது வாராவிடில் வழக்கு வீழும் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு; அக்கெடு இல்லாமல் படைத்தலைவர் இணங்கவில்லை.

கீரன் இப்போது எம் தலைநகர்ச் சத்திரத்தில், வழிப்போக்கர் நடுவே ஓர் ஓரத்தில் கிடக்கிறார். பேச்சரவத்தில் உறக்கம் பிடிப்பதில்லை என்கிறார். பின்னிருந்து யாரேனும் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. தம்மை ஒருவர் அழைக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றுவதேயில்லை. சோறு நிறைய இடுகிறோம். விளக்கு வைக்கும் நேரத்தில் இலையை ஒதுக்கிவிட்டு மேற்கு வாயிலுக்குப் போய் நிற்கிறார். அங்கே மதில்தான் தெரியும். அவரைப் பார்க்க எமக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே, எதிர்க்குன்றத்தில் நின்ற தங்கள் காவலரைத் தேடிக் கண்டு, அவர் எங்கிருப்பினும், அவர் கண்டதை ஓலையில் பெற்று அனுப்பியருளுமாறு வேண்டுகிறோம். அவர்க்கும் இவ்வண்ணமே மானியம் மறுக்கப்பட்டிருப்பின், நெடுங்கீரன் தங்கள் அவைக்கு வந்து அவர்க்காகச் சூளுரைப்பார். எல்லை கடக்க இசைவு யாம் தருவோம். பெயரின்றி ஆளைத் தேடுவது எங்ஙனம் என்று எம் எழுத்தர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். பெயர் கீரனும் அறியார். அந்திவெளிச்சத்தில் தெரிந்த உருவம் விளக்கை இடக்கையில் ஏந்தும் என்பதே அவர் அறிந்த அடையாளம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டியிருக்கிறது. கீரன் இறங்கிய ஆண்டின் மழைக்காலத்தில், அவர் இறங்குவதற்குச் சற்று முன், எதிர் விளக்கு சில நாள் எரியவில்லை; மீண்டும் எரிந்தபோது அதை ஏந்தியது வலக்கை. கை நொந்து மாற்றிக்கொண்டாரா, ஆளே மாறிவிட்டாரா என்று கீரன் அறியார். ஆளே மாறி, முன்னவர் மறைந்திருப்பாராயின், இவரைக் கண்ட கண் இவ்வுலகில் இல்லை, நிலமும் இல்லை. இதனை எழுதவேண்டாம், தேடப்போகிறவர் கை தளரும், கண்டுவருவதைக் கண்டுவரட்டும் என்று தத்தையார் கண்ணீரோடு தடுத்தார். கீரன் கேட்கவில்லை. நிலம் போனால் போகட்டும், இது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

இவ்வோலை கொணரும் தூதரைத் தடுப்போரும், மறுமொழி கொணர்வாரை எல்லையில் நிறுத்துவோரும் எம் மன்னர் ஆணையை மீறினவராவர். அறங்கூறவையத்துக் குடமுத்திரை பொறித்து, மன்னர் திருவுளப்படி விடுத்தோம். முத்திரை காயுமுன் நெடுங்கீரன் கேட்டுக்கொண்டதையும் கீழே சேர்த்திருக்கிறோம்: எதிர்க்குன்றத்தவர் இறந்திருப்பின், என்மீது இரக்கங்கொண்டு மறைத்து எழுதவேண்டா. அவர் பெயரை மட்டும் எழுதியனுப்புக. யாரை நினைத்து அழுவது என்று தெரியவில்லை.