குருவி எச்சம் போல் இரண்டு பூச்சிகள்

என்னோடு வாதாடி ஒரு நாளும் தோற்காத அன்பு மச்சானுக்கு,

இந்த முறை நீங்கள் தோற்றுவிட்டீர்கள். சொல்ல மனம் வரவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மிளகுக்கொடி இலையில் குருவி எச்சம் போலவே ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சின்ன அந்துப்பூச்சிகளைத்தான் சொல்கிறேன். தோளில் கறுத்தது ஆண், வாலில் கறுத்தது பெண், இரண்டும் ஒரே இனம் என்று சீட்டெழுதிப் பூச்சிகளோடு குத்தி, பட்டணத்து மியூசியம் துரைக்கு அனுப்பப் பெட்டியும் கட்டி வைத்தீர்கள். "இல்லீங்க மச்சான், ரெண்டும் வேறவேற" என்றேன். சிரித்தீர்கள். அந்த வாரமே மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

ஆவணி மழை விட்ட ஒரு காலை, பாடம் நடத்தப் போகும் வழியில் ஓர் இலையில் இரண்டு எச்சங்களைக் கண்டேன். வாலோடு வால் ஒட்டியிருந்தன. புல்லால் தொட்டேன், சேர்ந்தே நகர்ந்தன; இணைசேர்ந்த பூச்சிகள். இரண்டுக்கும் தோளில்தான் கறுப்பு. நாலு நாள் கழித்து, வால் கறுத்த ஜோடி ஒன்று. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் சீட்டு எப்படி நிற்கும், சொல்லுங்கள்?

சீட்டை மாற்றப் போனேன். அக்கா பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அவரு கடைசியா எழுதுனது இதுதான். அதை அழிக்கறதுக்கா ஊட்டுக்கு வந்தே?"

மறுநாள் விடிந்ததும் அவளைக் கொடியடிக்கு அழைத்துப்போனேன். எச்சம் எது, பூச்சி எது என்று நான் சொல்லவில்லை. அவளே ஒரு புல்லைக் கிள்ளி ஒவ்வொன்றாகத் தொட்டு, ஜோடியாய் நகர்ந்தவற்றுக்கு எங்கே கறுப்பு என்று பார்த்தாள். வெகுநேரம் நிமிரவேயில்லை.

"ரெண்டும் வேறதான் சாமி. இதைப் பார்த்திருந்தா அவரே மாத்தியிருப்பாரு. நீ எழுது. அவரு சீட்டை மட்டும் எடுத்துப்போடாதே."

எடுக்கவில்லை. அதன் கீழேயே என் சீட்டையும் குத்தி, மலையிறங்கி நடந்துபோய்த் தபாலில் சேர்த்தேன். பதில் வந்துவிட்டது, மச்சான். இரண்டும் தனித்தனி இனங்கள்தாம். பிடித்தவர் என்று இரண்டிலும் உங்கள் பெயரையே போட்டிருக்கிறார்கள். அக்கா அந்த இடத்தை மட்டும் மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். கோபம் போயிற்றா?

இவற்றின் புழு எந்த இலையைத் தின்கிறது என்று துரை கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. நேற்றிலிருந்து அக்காவும் என்னோடு தேடுகிறாள், என்னைவிடக் கூர்மையான கண் அவளுக்கு. அடுத்த மழைக்குள் அந்தச் செடியைக் கண்டுபிடித்துவிடுவோம். கண்ட அன்றே உங்களுக்கு எழுதுவேன்.

உங்கள் மைத்துனன்,
வளப்பூர் நாடு