என் பக்கத்துப் பிரேக்

அன்புள்ள மருமகளுக்கு,

இந்த ஊரில் சக்கரத்தில் உருளும் எதைப் பார்த்தாலும் "இது நான் பழக்கினது" என்று மீசையை முறுக்கத் தகுதியுள்ள ஒரே மனிதனான உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். என் தொப்பை என்னைவிட நலம். நம் பயிற்சிக் கார் கிழவியும் நலம்தான். போன வாரம் அவள் ஒரு இருமல் இருமினாள் பார், பக்கத்துத் தெருவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளெல்லாம் எழுந்து பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டன.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் "ஹலோ" என்றாலே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய். சிரிப்புக்கு நடுவில் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மா லைசென்ஸ் தேர்வில் தவறிவிட்டாள் என்று உனக்குச் சொல்லியிருப்பாள். "எனக்கு வரலை, விட்டுட்டேன்" என்று அதோடு போனை வைத்திருப்பாள். அது அப்படி இல்லை. அவளுக்கு வந்தது. நன்றாகவே வந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மிகைப்படுத்த மாட்டேன். சரி, என்னால் முடிந்தவரை மிகைப்படுத்த மாட்டேன்.

சலவைக்கூடத்து முதலாளியம்மா வேன் வாங்கியது உனக்குத் தெரியும். விடுதிகளுக்குப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டு, அழுக்கை அள்ளிக்கொண்டு வருவதற்கான வேன். அன்றைக்கு இஸ்திரி மேசை முன் நின்றுகொண்டிருந்த உன் அம்மாவைப் பார்த்து அந்த அம்மா, "இங்க இருக்கிறதுலயே பொறுப்பு உனக்குத்தான். லைசென்ஸ் வாங்கிட்டு வா, சாவி உன் கையில" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நின்று நின்று அவள் காலில் நரம்பெல்லாம் சுருண்டு கிடப்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "டேய், என்னைப் பாத்து சொன்னாங்கடா, என்னைப் பாத்து" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெருவைக் கடக்கவே என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள் உன் அம்மா. முதல் நாள் ஸ்டீயரிங்கை அவள் பிடித்த பிடி இருக்கிறதே, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவள்கூட அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க மாட்டாள். கிளட்சை அவள் விட்ட வேகத்தில் கிழவி தவளை மாதிரி தாவி, டீக்கடை பெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். நிற்க வைத்தது நான். பயிற்சிக் காரில் சொல்லித் தருகிறவன் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். அன்று அந்தப் பிரேக்கை நான் மிதித்த மிதியில் பூமியே ஒரு நொடி சுற்றாமல் நின்றது.

ஆனால் அவள் விடவில்லை. மறுநாளும் வந்தாள். தட்டையான செருப்பு ஒரு ஜோடி புதிதாக வாங்கி, காரில் ஏறும்போது மட்டும் போட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் டம்ளரை நகர்த்தி நகர்த்தி கியர் மாற்றிப் பழகினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோள் இறங்கியது, பிடி தளர்ந்தது, கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன் காது கிழிய ஹாரன் அடித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் பொறுங்கண்ணே, நானும் போகத்தான் போறேன்" என்றாள். அவன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவள் நிதானமாக மேடேறினாள். அன்று மாலை என் காதுபட அடுப்படியில் பாடினாள், மருமகளே. பாட்டு சகிக்கவில்லை. அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நான் என் பக்கத்துப் பிரேக்கைத் தொடவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சந்தை முனையில் சைக்கிள்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தியது அவள். பாலத்து இறக்கத்தில் பஸ்ஸுக்கு வழிவிட்டது அவள். எல்லாம் அவள்தான்.

தேர்வு நாளன்று திடலின் கம்பி வேலிக்கு வெளியே நான் நின்றிருந்தேன். என் இடத்தில் தேர்வு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கிழவியை அவள் எடுத்த விதம், நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி. ரிவர்ஸில் கூம்புகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தாள், ஒன்றுகூட அசையவில்லை. திடலைச் சுற்றித் திரும்பும்போது, எங்கிருந்தோ ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டான். வண்டி நின்றது. குலுங்காமல், கத்தாமல், பூனை மடியில் வந்து உட்கார்வது மாதிரி நின்றது. நான் வேலிக்கு வெளியே ஆடிய ஆட்டத்தில் கம்பி வளைந்துவிட்டது.

பிறகு கார்க் கதவு திறந்தது. உன் அம்மா இறங்கினாள். அதிகாரி கையில் சாவியைக் கொடுத்தாள், கும்பிட்டாள், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே என்ன நடந்தது என்று அந்த அதிகாரிதான் சொன்னார். வண்டி நின்றதும் அவள் அவர் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி சார், நல்லவேளை நீங்க பிரேக் போட்டீங்க" என்றாளாம். அவர் பதறிப்போய், "நான் காலையே வைக்கலையேம்மா, நீங்கதான் நிறுத்தினீங்க" என்றாராம். அதற்கு உன் அம்மா, "பரவாயில்ல சார், என் தம்பியும் இப்படித்தான் எதையாவது சொல்லிச் சமாளிப்பான். உங்களுக்கும் நல்ல மனசு. ஆனா பொய்யா ஒரு லைசென்ஸ் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பாதியில் இறங்கினால் தோல்வி என்பது விதி. "கையெழுத்துப் போட பேனாவை எடுத்துட்டேங்க. உங்க அக்கா என் கையைக் கட்டிப் போட்டுட்டாங்க" என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

நான் கிழவியைத் திடலிலேயே விட்டுவிட்டு, ஓடிப்போய் அவள் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். வாழ்க்கையில் நான் பஸ்ஸில் கடைசியாக எப்போது ஏறினேன் என்று எனக்கே நினைவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏன்க்கா இப்படிப் பண்ணினே என்றேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: "என் பொண்ணு அன்னைக்கு போன்ல சொன்னா, 'பயப்படாதம்மா, மாமா பக்கத்துல ஒரு பிரேக் இருக்கு, நீ தப்பு பண்ணாலும் அவர் பாத்துப்பார்'னு. அதுலேருந்து வண்டி எங்க நின்னாலும், நிறுத்தினது நானா நீயான்னு எனக்குத் தெரியலடா. கேட்டா நீ ஒரு நாளாவது நேரா பதில் சொல்லியிருக்கியா?"

சொல்லவில்லைதான். சந்தை முனையில் அவள் கேட்டபோது, "பின்னே? உலகத்துல எந்த வண்டி நின்னாலும் அதுக்கு நான்தான் காரணம்" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள் என்று யாருக்குத் தெரியும்?

உன்னைக் குறை சொல்லவில்லை, தாயே. பயந்தவளுக்குத் தைரியம் சொல்கிற எவரும் சொல்வதைத்தான் நீயும் சொன்னாய். உன் ஆறுதலும் என் வேடிக்கையும் சேர்ந்து, அவள் ஓட்டிய வண்டியை அவளிடமிருந்தே பிடுங்கிக்கொண்டுவிட்டன. அவ்வளவுதான் நடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை.

நான் முயலவில்லை என்று நினைக்காதே. என் தலைமேல் கை வைத்து சத்தியம் செய்தேன். "அந்தத் தலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா" என்றாள். என் பக்கத்துப் பெடலைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். "கழட்டிட்டு வேற எங்கயாவது ஒளிச்சு வெச்சிருப்ப" என்றாள். நான் பின் சீட்டில் உட்கார்கிறேன், நீ ஓட்டு என்றேன். "கயிறு கட்டி இழுப்ப" என்றாள். நீ நன்றாக ஓட்டுகிறாய் அக்கா, இது சத்தியமான உண்மை என்று ஒருநாள் சிரிக்காமல் சொல்லிப் பார்த்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

வாய் நிறைய அளந்து அளந்து, ஒரே ஒரு உண்மையை என் அக்கா காதில் போட என்னிடம் ஒரு சொல் மிச்சமில்லாமல் போய்விட்டது. இப்படி ஒரு வறுமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது வேனைத் தற்காலிகமாக ஒரு பையன் ஓட்டுகிறான். அவன் உரசாத சுவர் இந்தப் பேட்டையில் இல்லை. சில சுவர்கள் அவனைக் கண்டு தாமாகவே பின்னால் நகர்ந்துகொள்கின்றன. முதலாளியம்மா இன்னும் உன் அம்மாவுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசியில் இன்னொரு தேர்வு இருக்கிறது. அதற்கும் வரவில்லை என்றால் அவனையே நிரந்தரமாக்கிவிட வேண்டியதுதான், விடுதிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் வந்து சொன்னபோது உன் அம்மா, "எனக்கு இஸ்திரிப் பெட்டியே போதும். அது வெச்ச இடத்துல நிக்குது" என்றாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டால் மட்டும், கையில் இருக்கும் விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். காருக்கென்று வாங்கிய அந்தப் புதுச் செருப்பை இப்போது இஸ்திரி மேசை முன் நிற்கப் போட்டுத் தேய்க்கிறாள்.

நீ அளந்து பேசுகிறவள். வேண்டாததைச் சொல்ல மாட்டாய், சொன்னால் அது இருக்கும். அதனால்தான் அன்றைக்கு நீ சொன்னதும் அவள் மனதில் அப்படியே பதிந்தது. அதனால்தான் இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுது. ஆறுதல் வேண்டாம். "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" வேண்டாம். தைரியமாக இரு, மனசு வைத்தால் முடியும் என்கிற பேச்செல்லாம் வேண்டவே வேண்டாம். அதை நான் டப்பா டப்பாவாகக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அடுத்த மாதம், அந்தத் தேர்வு முடிந்த பிறகு, விடுமுறைக்கு வருகிறாய் அல்லவா? அதை எழுது. "அம்மா, எங்கிட்ட பெட்டி நிறைய இருக்கு. ரயில் விடியற்காலைல வருது. நீயே வேனை எடுத்துட்டு வந்துடு. மாமாவைக் கூட்டிட்டு வராதே, பெட்டி வெச்சா இடம் இருக்காது" என்று எழுது.

அந்தக் கடைசி வரியை மறந்துவிடாதே. அதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. உன்னை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதிலிருந்து, நீ ஊரை விட்டுப் போன அன்று வரை, உன் பெட்டியை ஏற்றி இறக்காமல் நான் இருந்ததில்லை. இருந்தாலும் எழுது. நான் இந்தக் கடிதம் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. நான் சொல்லித்தான் எழுதினாய் என்று தெரிந்தால், உன் கடிதத்திலும் என் காலைத் தேடுவாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மருமகளே. எடுத்த வேலை கைகூட வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நீ வரும் அன்று நான் வீட்டிலேயே இருப்பேன். நீங்கள் இருவரும் வந்து இறங்கும்போது வாசலில் நிற்பேன். யார் ஓட்டினார்கள் என்று கேட்க மாட்டேன், கேலி செய்ய மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நான் பேசாமல் இருப்பேன் என்றால் இந்த உலகத்தில் யாரும் நம்பப் போவதில்லை. நீயாவது நம்பு. இன்றைக்கே அவளுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி